ரைபிளில் காலித் தோட்டா சிக்கிக்கொள்ளுதல்

நிலக்கடலை காய் முற்றும் பருவத்தில் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிகள் பெட்டியை விட்டு வெளியே வருகின்றன. குன்றுகளை அடுத்த கொல்லைகளில் காட்டுப்பன்றி ஓர் இரவில் கிளறிவிட்டுப் போகும் பாத்தியைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் சொல்ல வேண்டுவதில்லை. பல மாதம் சும்மா கிடந்த ஆயுதம் அவசரத்தில் எடுக்கப்படுவதால், முதல் வெடியிலோ இரண்டாம் வெடியிலோ காலித் தோட்டா வெளியே வராமல் குழலிலேயே நின்றுவிடுகிறது. உடையவர் பேனாக்கத்தியை எடுத்து நெம்புகிறார். அல்லது மறுநாள் கொல்லன் பட்டறைக்கு அனுப்பி, கொக்கியை அரத்தால் கூராக்கச் சொல்லுகிறார். இவ்விரண்டும் தவறு. முன்னது உயிருக்கு அபாயம்; பின்னது ஆயுதத்திற்கும் சட்டத்திற்கும் விரோதம்.

இக்குறை எல்லாத் துப்பாக்கியிலும் உண்டாயினும், அதிகமாகத் தொல்லை கொடுப்பது தானே தோட்டா மாற்றிக்கொள்ளும் .22 ரைபிளிலேயாம். இத்தகைய ரைபிள்கள் பெரும்பாலும் பழைய லைசென்ஸின்மேல் குடும்பத்தில் இறங்கி வந்தவை. பயிர்க்காவலுக்கு இவை உரியவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு பயிர்க்காவலுக்கென்று குறிப்பது, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாதென்று லைசென்ஸ் அதிகாரி திருப்தியடைந்தால், உள்வரியில்லாத வழவழப்பான குழலுள்ள வேறு துப்பாக்கியை. .22 ரைபிளை அதே பிரிவு ரைபிள் சங்க அங்கத்தினர்களின் இலக்குப் பயிற்சிக்கென்று குறிக்கிறது. சாதாரணமாக 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் எடையுள்ள அதன் ஈயக் குண்டு, பன்றியைக் கொல்வதைக் காட்டிலும் காயப்படுத்தி வெறிகொள்ளச் செய்வதே அதிகம். அனுமதியின்றி அதைச் சுடுவது 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். மேலும், அரைத் தானியங்கி ஆயுதங்களுக்கு ஆயுத விதிகளில் தனிக் கட்டுப்பாடு உண்டு. ஆகையால் தம் ரைபிள் லைசென்ஸ் புத்தகத்தில் எவ்விதம் விவரிக்கப்பட்டிருக்கிறது என்பதை இதுவரை கவனியாதவர்கள், கலெக்டர் ஆபீஸில் விசாரித்து நிச்சயப்படுத்திக்கொள்வது அவசியம்.

இனி, வெடிக்கும்போது உள்ளே நடப்பது யாதெனப் பார்ப்போம். .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து பின்புறத்தின் நடுவில் இல்லை. அடிவிளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கிறது. ஊசி விளிம்பை நசுக்கியதும் அது தீப்பற்றுகிறது. 1857இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியாரின் சிறு ரிவால்வருடன் வழக்கத்திற்கு வந்த 'ஷார்ட்' தோட்டாவே இதன் மூத்த உருவம். இன்று எங்கும் வழங்கும் 'லாங் ரைபிள்' தோட்டா 1887இல் தோன்றியது. அதன் அடிவிளிம்பின் குறுக்களவு 7 மில்லிமீட்டர். கனம் 1 மில்லிமீட்டருக்குச் சிறிது கூடுதல். அந்தச் சிறு பித்தளை ஓரத்தைத்தான் கொக்கி பற்ற வேண்டும்.

1903இல் வின்செஸ்டர் கம்பெனியார் தானே தோட்டா மாற்றும் .22 ரைபிள் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அக்காலத்துக் கரும்புகை மருந்தின் கரி இயந்திரத்தை அடைத்துவிடும் என்று அஞ்சி, புகையற்ற மருந்து நிரப்பிய தனித் தோட்டா ஒன்றையே அதற்கென்று செய்தனர். அழுக்கே இவ்வகை ரைபிளின் சத்துரு என்பது, அதைச் செய்தவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

கையால் இழுக்கும் போல்ட்டுள்ள ரைபிளில் (தேசிய மாணவர் படையினர் பயிற்சிக்குச் சுடும் .22 ரைபிள் இவ்வகையது) வெடிக்கும் நேரத்தில் போல்ட் பூட்டப்பட்டிருக்கும். பிறகு கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுக்கும்போது கொக்கி காலித் தோட்டாவைப் பற்றி இழுத்துவருகிறது. அறையில் அழுக்கு சேர்ந்திருந்தால் கைப்பிடி சற்று இறுக்கமாக வரும். கைக்கே அது தெரிந்துவிடும். தானியங்கி .22 ரைபிளில் பெரும்பாலும் பூட்டு என்பது இல்லை. போல்ட்டின் கனமும் அதன் பின்னுள்ள சுருள்வில்லும் மட்டுமே தோட்டாவை அறையில் நிறுத்திவைக்கின்றன. குண்டு முன்னே ஓட, அதே வாயு காலித் தோட்டாவைப் பின்னே தள்ள, தோட்டா போல்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. கொக்கி காலித் தோட்டாவை இழுப்பதில்லை. தானாக வருவதைப் போல்ட்டின் முகத்தோடு அணைத்துப் பிடித்து, எஜெக்டர் என்னும் தட்டியில் மோதி வெளியே தெறிக்கும்வரை விழாமல் வைத்திருப்பதே அதன் முக்கிய வேலை. வெடியாத தோட்டாவைக் கையால் வெளியே எடுக்கும்போது மட்டும்தான் அது உண்மையில் இழுக்கிறது.

இவ்வொரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். காலித் தோட்டா அறையிலேயே நின்றுவிட்டது என்றால், அதைத் தள்ளும் வேகம் குறைந்திருக்க வேண்டும். அல்லது அறைச்சுவர் அதை அளவுக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கொக்கியின்மேல் குற்றம் சுமத்துவது அதற்குப் பிறகுதான்.

எது குறை என்று அறிய வெளியே விழுந்த காலித் தோட்டாக்களையே சாட்சியாகக் கொள்ளலாம். சுட்டபின் அவற்றைப் பொறுக்கி வைப்பவர் சிலரே. அந்தச் சிலரே தம் ரைபிளை அறிந்தவர்கள். ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். சிக்கிய தோட்டாவின் அடிவிளிம்பில் கொக்கி கவ்விக் கிழித்த வடு இருந்தால், கொக்கி பிடித்தது, அறை விடவில்லை என்று அர்த்தம். விளிம்பில் எவ்வித வடுவும் இல்லாவிட்டால், கொக்கி பற்றவே இல்லை. அதன் அடியில் கரி அடைந்திருக்கலாம், வில் சோர்ந்திருக்கலாம், முனை மழுங்கியிருக்கலாம். தோட்டாவின் உடலில் நீளவாட்டில் கீறல்கள் தென்பட்டால் அறைச்சுவரில் துரு அரித்திருக்கிறது. ஊசி குத்திய பள்ளத்திற்கு நேரே மட்டும் ஒரே கீறல் ஓடினால் அது வேறு. அதைப்பற்றிப் பின்னர் சொல்லப்படும். உடல் முழுவதும் புகை படிந்து கறுத்திருப்பின், மருந்து பலவீனமாயிருந்து தோட்டா சரிவர விரிந்து அறையை அடைக்கவில்லை என்று கொள்ளலாம்.

அறையில் அழுக்கு சேருவதற்கு .22 தோட்டாவின் அமைப்பே ஒரு காரணம். பெரிய ரைபிள்களின் தோட்டாவில் குண்டின் அடிப்பாகம் பித்தளைக் கூட்டிற்குள் அடங்கியிருக்கும். இதிலோ குண்டும் கூடும் வெளியளவில் ஒன்றே. குண்டின்மேல் தடவிய மெழுகும் கொழுப்பும் வெளியே தெரியும்படி இருக்கின்றன. சட்டைப்பையில் வெறுமனே போட்டு எடுத்துச் சென்றால் கொல்லைப் புழுதி அதில் ஒட்டி, அப்படியே அறைக்குள் போகிறது. வெடிக்கும் சூட்டில் மெழுகும் புழுதியும் ஈயத்தூளும் கரியும் சேர்ந்து இறுகுகின்றன. 'ஷார்ட்' தோட்டாவை மலிவென்று வாங்கி 'லாங் ரைபிள்' அறையில் போட்டுச் சுட்டவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: குட்டைத் தோட்டாவின் வாய்க்கு முன்னே அறையில் ஒரு கரிவளையம் படிந்துவிடும். பிறகு நீண்ட தோட்டாவைப் போட்டால் அது அவ்வளையத்தில் இறுகி நிற்கும்.

இதற்கு மருந்து எளிது. மாகஸினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து நிச்சயித்தபின், .22 அளவுள்ள வெண்கலக் கம்பி பிரஷில் துப்பாக்கி சுத்தம் செய்யும் திராவகத்தை நனைத்து, அறையில் சில தடவை திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் இழுப்பதைவிடத் திருப்புவதே கரிவளையத்தைப் பெயர்க்கும். சிறிது நேரம் ஊறவிட்டு, வெள்ளைத் துணித்துண்டு கறையின்றி வரும்வரை துடைத்து, அறையை உலர்ந்த நிலையில் விட வேண்டும். போல்ட்டின் முகத்தையும் கொக்கியின் அடியையும் ஒரு தென்னை ஈர்க்கால் நெருடினால் வரும் கரியைப் பார்த்து ஆச்சரியப்படாதவர் இல்லை. உப்புத்தாள், செங்கற்பொடி, மணல் இவற்றை அறையில் காட்டலாகாது. ஒருமுறை சுவர் கீறிவிட்டால் பின்பு ஒவ்வொரு தோட்டாவும் அக்கீறலில் பிடிக்கும்.

எண்ணெய் விஷயத்தில் நம்மவர்களின் வழக்கம் கண்டிக்கத்தக்கது. சாமான் எதுவாயினும் தேங்காயெண்ணெய் பூசினால் கெடாது என்பது வீட்டு நம்பிக்கை. தாவர எண்ணெய்கள் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாக இறுகும் தன்மை உள்ளவை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போல்ட் ஓடும் தடத்தில் அது கோந்துபோல் நிற்கும், போல்ட் மந்தமாகும், காலித் தோட்டா பாதி வழியில் நின்றுபோகும். துப்பாக்கிக்கென்று விற்கும் மெல்லிய தாது எண்ணெயை மிகச் சிறிதளவு பூசுவதே போதும். அறைக்குள் எண்ணெய் நிற்க விடுவதும் தவறு. எண்ணெய்ப்பட்ட தோட்டா சுவரைப் பற்றாமல் வழுக்கி, போல்ட்டை வேண்டியதற்கு மேல் உதைக்கும்.

எண்ணெய்க்குப் பயந்து ஒன்றும் பூசாமல் வைப்பவர்களைத் துரு பிடித்துக்கொள்கிறது. திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணம் உப்பளப் பக்கத்துக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை அங்குள்ளோர் அறிவர். ஐப்பசி, கார்த்திகை மழைமாதங்களில் உள்நாட்டுக் கிராமங்களிலும் நிலைமை அதற்குக் குறைந்ததன்று. தோல் உறையிலேயே ரைபிளையும் தோட்டாவையும் மாதக்கணக்கில் வைப்பது அழகுக்கு உதவுமேயன்றிப் பாதுகாப்புக்கு உதவாது. தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பதனிட்ட சரக்கின் அம்சம் பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். களிம்பேறிய தோட்டாவைப் புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கி உபயோகிக்கும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. பாத்திரம் துலக்குவது வேறு, உள்ளே மருந்துள்ள தோட்டாவை நனைத்துத் துலக்குவது வேறு. களிம்பு பிடித்தவற்றைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும்.

அறை சுத்தமாயிருந்தும் போல்ட் முழுவதும் பின்வராவிட்டால் தோட்டாவின் வேகத்தைக் கவனிக்க வேண்டும். விநாடிக்குச் சுமார் 1,200 அடியும் அதற்கு மேலும் ஓடும் வேகத் தோட்டாவுக்கென்று சில ரைபிள்களின் சுருள்வில் அமைக்கப்பட்டிருக்கும். இலக்குப் பந்தயத்திற்கென்று 1,100 அடிக்குக் கீழ் ஓடும்படி செய்த தோட்டா அவற்றில் போல்ட்டை அரைகுறையாகவே தள்ளும். ஒரே ரைபிளில் ஒரு பெட்டித் தோட்டா நன்றாக ஓடி, இன்னொரு பெட்டி சிக்கினால், ரைபிளைக் கழற்றுவதற்கு முன் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மேலே நிறுத்திவைத்த ஒற்றைக் கீறலுக்கு வருவோம். விருந்தினருக்குக் காட்டுவதற்காகவோ, பிள்ளைகள் விளையாட்டாகவோ, தோட்டா இல்லாத ரைபிளின் விசையை இழுத்து இழுத்து விடுவதுண்டு. நடுவில் மருந்துள்ள தோட்டாவின் துப்பாக்கியில் ஊசி வெறுமையில் போகும். .22 ரைபிளிலோ ஊசி விளிம்பைத் தாக்குவதற்காகவே ஓரத்தில் அமைந்தது; விளிம்பு அங்கே இல்லாதபோது, பல ரைபிள்களில் அது நேரே குழலின் உதட்டில் மோதும். பல தடவை மோதினால் உதட்டு இரும்பு உள்ளே பிதுங்கி அறையில் ஒரு முள்ளாக நிற்கும். வெடித்த தோட்டா அம்முள்ளைச் சுற்றி விரிந்து, வெளியே வரமாட்டாமல் நின்றுவிடும். எத்தனை முறை துடைத்தாலும் இது தீராது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் அதற்குரிய கருவியை உள்ளே செலுத்திப் பிதுங்கிய இரும்பைத் திரும்ப அழுத்திவிட வேண்டும். அரம் வைத்துச் சுரண்டினால் அறை அகன்று, தோட்டா வெடித்துக் கிழிய இடமாகும்.

கொக்கியையே சோதிக்க விரும்புவோர், வெடிமருந்தில்லாத பிளாஸ்டிக் போலித் தோட்டாவைக் கொண்டு சோதிக்கலாம். போல்ட்டைத் தனியே எடுத்து, போலித் தோட்டாவின் விளிம்பைக் கொக்கியின் கீழ்ச் செருகி மெதுவாக ஆட்டினால் அது விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் வில்லையோ கொக்கியையோ புதிதாகப் போடுவதே சரி. கூராக்கிய கொக்கி சில நாளைக்கு நன்றாக ஓடுவதுபோல் தோன்றி விளிம்பைக் கிழிக்க ஆரம்பிக்கும். காலித் தோட்டா அறையை விட்டு வந்தும், ஜன்னலில் குறுக்கே நின்று போல்ட்டில் நசுங்கினால், அது தட்டியின் குறையோ வேகக் குறையோ ஆகலாம், அறையின் குறையன்று.

பயிர்க்காவலுக்கு 12 போர்த் துப்பாக்கி வைத்திருப்போருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதில் வாயு உதவுவதில்லை. குழலை மடிக்கும்போது கொக்கித்தகடு தோட்டாவைச் சற்றே தூக்கிக் கொடுக்கிறது, மீதியை விரல் இழுக்கிறது. காகித உடலுள்ள தோட்டா மழைக்காலத்தில் ஈரம் வாங்கிப் பருத்தால் உள்ளே போவதே கஷ்டம். பலவந்தமாகத் தள்ளிச் சுட்டால் வெளியே வருவது அதைவிடக் கஷ்டம். பழைய துப்பாக்கிகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவிற்கு வெட்டப்பட்டது. இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவும் அதில் நுழைந்துவிடும்; ஏனெனில் மடித்த வாய் விரிவது வெடித்த பிறகுதான். விரிய இடமில்லாமல் வாய் குழலின் கழுத்தில் நெருங்கும்போது அழுத்தம் ஏறுகிறது, காலித் தோட்டா இறுகுகிறது. குழலின் அடியில் பொறித்திருக்கும் அளவைப் பார்த்துத் தோட்டா வாங்குவது காசு செலவில்லாத பரிகாரம்.

இப்போது பேனாக்கத்தியின் விஷயம். தோட்டா சிக்கிய உடனே குழலின் வாயை ஆளில்லாத் திக்கில் மண்ணை நோக்கிப் பிடித்து, விரலை விசையினின்றும் எடுத்துவிட வேண்டும். இச்சிறு குண்டு ஒன்றேகால் மைலுக்கு மேலும் ஓடக்கூடியது என்பதை மறக்கலாகாது. ஊசி குத்தியும் வெடிக்காத தோட்டாவாயின், குறைந்தது 30 விநாடி அப்படியே பிடித்திருக்க வேண்டும். சில வேளை மருந்து தாமதித்துப் பற்றும். பின்பு முதற்காரியம் மாகஸினைக் கழற்றுவது. காலித் தோட்டா அறையில் நிற்க, அடுத்த தோட்டா அதன் பின்னே மோதி நிற்பது இவ்வகை ரைபிளில் வழக்கம். அந்த இரண்டாவது தோட்டா உயிருள்ளது. அதன் விளிம்பு முழுவதும் பற்றவைக்கும் மருந்து என்பதை முன்னமே கண்டோம். அவ்விளிம்பைக் கத்தியாலோ திருப்புளியாலோ நெம்புவதும், ஊசியால் குத்துவதும் ஒன்றே. குழலுக்கு வெளியே வெடிக்கும் தோட்டா குண்டைத் தூரமாக எறியாது. ஆனால் கிழிந்த பித்தளை முகத்திற்கு நேரே வரும். நெம்புகிறவர் தம் கண்ணை அங்கேதான் வைத்திருக்கிறார்.

உயிருள்ள தோட்டாவை எடுத்தபின், அறையில் நிற்பது வெடித்த வெறுங்கூடு என்று ஐயமின்றித் தெரிந்தால் மட்டும், குழலின் வாய்வழியாகச் சுத்தம் செய்யும் கோலைச் செலுத்தி மெதுவாகத் தட்டி வெளியேற்றலாம். கோல் வழியில் தடுத்தால், அல்லது வெடிச்சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டிருந்தால், குண்டே குழலில் தங்கியிருக்கக்கூடும். அடுத்த வெடி குழலைப் பிளக்கும். அறையில் இருப்பது வெடியாத தோட்டாவாயின் கோலைத் தொடவே கூடாது. அதனையும், விளிம்பு கிழிந்து உடல் மாத்திரம் உள்ளே தங்கியதையும் கம்மியரிடமே விட வேண்டும். ரைபிளின் நிலையை முன்கூட்டி அவருக்குச் சொல்லி, அவர் கூறும் முறைப்படி கொண்டுபோவது உசிதம்.

கம்மியர் என்றால் எந்தப் பட்டறையும் அன்று. ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி துப்பாக்கியைச் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். ஊர்க்கொல்லன் நல்லெண்ணத்துடன் ஒரு கொக்கியைத் தீட்டிக்கொடுத்தாலும் அவனும் குற்றவாளி. அவன் பட்டறையில் துப்பாக்கியை விட்டுவந்தவரும் பதில் சொல்ல நேரிடும். குடித்தனக்காரர்கள் கேட்கும்போது கிராம அதிகாரிகள் இதை எடுத்துச் சொல்லுவது உபகாரமாகும். தந்தையின் லைசென்ஸில் இருந்த ரைபிளை அவர் காலமான பின் தம் பெயருக்கு உத்தரவு பெறாமல் பரணில் வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே.

தேர்தல் காலங்களில் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருகிறது. திரும்பி வந்த துப்பாக்கி சிக்குகிறது என்று குறைகூறுவோர், பெரும்பாலும் சுட்ட கரியோடு அப்படியே ஒப்படைத்தவர்கள். கரி ஈரத்தை இழுக்கும்; அறைச்சுவர் அரிக்க வாரக்கணக்குப் போதும். உத்தரவு வந்த அன்றே குழலையும் அறையையும் சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெய் பூசி, தோல் உறை இல்லாமல் உலர்ந்த துணியில் சுற்றிக் கொடுத்து ரசீது பெற வேண்டும். திரும்பி வந்ததும் சுடுவதற்கு முன் அந்த எண்ணெயை அறையிலிருந்து முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு சங்கத்தின் இலக்கு மைதானத்தில், மாகஸினில் ஒரு தோட்டாவுக்கு மேல் வையாமல் ஐந்து தடவை சுட்டு, ஐந்து காலித் தோட்டாக்களையும் பொறுக்கிப் பார்த்த பின்னரே மாகஸினை நிரப்பலாம்.